புது மரவேலியில் கருங்கறை: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் அரையாண்டுச் சேமிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு, வேலி அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்று போட்டுக்கொடுத்த சிடார் மரவேலி முதல் மழைக்கே கறுத்துவிட்டது.

பேச்சு முடிந்த அன்று உரிமையாளர் ஒரு பலகையை என் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். "ஆணிகூடத் துத்தநாகம் பூசியதுதான் அடிப்போம், என் சொந்த வீட்டு வேலை போலச் செய்கிறேன்" என்று அவர் சொன்ன தோரணையில் நம்பிக்கை வந்து, முழுத் தொகையையும் அப்போதே கொடுத்தோம்.

மழை விட்டதும் பார்த்தால், ஒவ்வோர் ஆணித்தலையின் கீழும் விரல் நீளத்துக்கு நீலம் கலந்த கருங்கோடு இறங்கியிருந்தது. ஆணி இல்லாத இடத்தில் மரத்தின் நிறம் சற்றும் மாறவில்லை. ஓர் ஆணியைப் பிடுங்கினேன். தண்டு முழுவதும் துரு, பூச்சின் சுவடே இல்லை. சிடாரில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சுவதும் இதே வினைதான். எங்கள் அரையாண்டுச் சேமிப்பில் வேலி நெடுக மை காய்ச்சியிருக்கிறார்கள்!

முறையிட்டபோது, மரம் என்றால் நிறம் மாறத்தான் செய்யும் என்றார்கள். பிறகு, அடுத்த மழையில் தானாகவே கழுவிப் போகும் என்றார்கள். படம் அனுப்பியதும் அது வெறும் பூஞ்சை, உங்கள் பராமரிப்பு சரியில்லை என்று பழியை எங்கள் மேல் திருப்பினார்கள். பிடுங்கிய ஆணியைப் பற்றிக் கேட்டதிலிருந்து தொலைபேசியை எடுப்பதே இல்லை. கொடுத்ததோ அரையாண்டுச் சேமிப்பு; ஆணியில் அவர்கள் மிச்சம் பிடித்தது அற்பக் காசு.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. துருப்பிடிக்காத எஃகு ஆணி, அல்லது உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மின்முலாம் பூசியதன் பூச்சு மெல்லியது, வெளிப்புறத்தில் நிலைக்காது. பூஞ்சை என்று சாதித்தால், நீர்த்த பிளீச்சை ஒரு சொட்டு விடுங்கள்: பூஞ்சை வெளுக்கும், இரும்புக் கறை அசையாது. இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கேட்கும், ஆனால் ஆணியை மாற்றாவிட்டால் மறுமழையில் திரும்ப வரும். கையுறை இல்லாமல் அமிலத்தைத் தொடாதீர்கள். பிளீச் பட்ட இடத்தை நன்றாகக் கழுவாமல் அதன்மேல் அமிலம் ஊற்றவே கூடாது, குளோரின் நச்சுவாயு கிளம்பும்.