மரபு மூன்று, ஜெப ஆலயம் ஒன்று: யார் முறையில் ஜெபிப்பது?

இஸ்ரேலின் சிறு நகரம் ஒன்றில் இருக்கிறது எங்கள் யூத ஜெப ஆலயம். லித்துவேனியா வழி அஷ்கெனாசிகள் (ஐரோப்பிய மரபு யூதர்கள்), மொராக்கோ, ஈராக் வழி செபார்திகள் (ஸ்பானிய, கிழக்கத்திய மரபு யூதர்கள்), ஹசிதியம் என்ற பக்தி இயக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என எல்லோரும் வருகிறார்கள். ஜெபங்களின் அடிப்படை ஒன்றுதான். ஆனால் சனிக்கிழமை முசாஃப் என்ற கூடுதல் ஜெபத்தில் சபை சேர்ந்து சொல்லும் கெதுஷா என்ற துதியை அஷ்கெனாசிகள் ‘நஆரித்ஸ்கா’ என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் ‘கெத்தேர்’ என்பார்கள். இரண்டும் ஒன்றாக எழுந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

தனித்தனிச் சபையாகப் பிரிவது ஜெருசலேமுக்குச் சரி. பத்து ஆண்கள் கூடினால்தான் சபை ஜெபம் என்பதால் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

எல்லோருக்கும் ஒரே ஜெப வடிவம் என்பது இன்னொரு வழி. இஸ்ரேல் ராணுவத்தின் முதல் தலைமை ரபி (யூத மதகுரு) ஷ்லோமோ கோரன் அப்படி ஒரு பொது முறையை வகுத்தார். பாசறைக்குப் பொருந்தும்; ஊரில் பெரியவர்கள் யாரும் அதற்காகத் தங்கள் பழைய ஜெபநூலை மூடி வைக்கமாட்டார்கள்.

பல இடங்களில் ஆலயத்துக்கென ஒரு நிலையான முறை உண்டு. மௌன ஜெபம் மட்டும் அவரவர் விருப்பம். ஒழுங்கான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனாலும் நாங்கள் தேர்ந்தது வேறு: முன்னின்று நடத்துபவர் எந்த மரபோ, சத்தமாகச் சொல்வதெல்லாம் அந்த வேளைக்கு அந்த மரபிலேயே.

துக்கம் காப்பவரை நினைத்துத்தான் இந்த முடிவு. பெற்றோரை இழந்த மகன் பெரும்பாலும் 11 மாதம் கத்திஷ் என்ற இறைத்துதியைச் சொல்வான். முடிந்த நாட்களில் ஜெபத்தையும் நடத்துவான். பலருக்கு அதுதான் முதல் முறை, கை நடுங்கும். அப்பாவின் பக்கத்தில் நின்று கேட்டதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. கத்திஷில் ‘மெசியா விரைவில் வரட்டும்’ என்று வேண்டும் ஒரு வரி செபார்திகளுக்கு உண்டு, அஷ்கெனாசிகளுக்கு இல்லை. நிலையான முறை என்றால், தகப்பனுக்காக நிற்பவன் தகப்பன் சொன்ன வரியையே விழுங்க வேண்டும். அதைச் சொல்லி அவனை நிறுத்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

செலவும் இருக்கிறது. அலமாரியில் மூன்று வகை நூல்கள். புதியவருக்குப் பக்க எண்ணை யாராவது காதில் சொல்ல வேண்டும். வேதநூலின் உபாகமம் 14:1ஐ ‘கட்சி கட்டாதே’ என்று ரபிகள் விரித்ததைச் சொல்லி முணுமுணுப்பவர்களும் உண்டு. ஒரு வேளைக்கு ஒரே குரல்தானே என்பது எங்கள் பதில்; அவர்கள் முழுதாக ஏற்கவில்லை.

யூதப் புத்தாண்டுக்கு முந்திய எலுல் மாதத்துக்கு இந்த முறை தாங்குமா என்று சொல்ல எங்கள் அனுபவம் போதாது. செலிஹோத் என்ற பாவமன்னிப்பு வேண்டுதலுக்குச் செபார்திகள் மாதம் முழுவதும் விடியலிலேயே எழுகிறார்கள். அஷ்கெனாசிகள் புத்தாண்டை ஒட்டிய சில நாட்களே வருகிறார்கள். நடத்துபவர் யாராக இருந்தாலும் அந்த விடியலில் பத்துப் பேர் சேர வேண்டுமே!