அரை இஞ்சினாகத் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய கார் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே இஞ்சினைப் பிரித்துக் கட்டும் பழக்கமுள்ளவர்கள், கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) லேத் பட்டறையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏமாற்றிய விதத்தைத்தான் சொல்ல வருகிறேன். அதை எந்த ஊரிலும் யாரும் செய்யலாம்.

எங்கள் வண்டி 1986 அம்பாசிடர், அப்பச்சி வாங்கியது. கோட்டையூர் வீட்டின் பின்கட்டில், ஒரு காலத்தில் மாட்டுவண்டி நின்ற கொட்டகையில் நிற்கிறது. பேத்தியின் கல்யாணத்துக்கு முன் நகரத்தாருக்குரிய நகரக் கோயில்கள் ஒன்பதையும் இதே வண்டியில்தான் சுற்றிவர வேண்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டார்கள். வண்டியோ ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை கக்கியது.

பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்தேன். மூன்று சிலிண்டர்கள் 120 பவுண்டை ஒட்டி நின்றன, இரண்டாவது 85. அதில் ஒரு கரண்டி ஆயிலை விட்டுப் பார்த்தபோது 115க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே இஞ்சினை இறக்கினோம். கிராங்க் சுழலும் அரைவட்டத் தகடுகளான பேரிங் ஷெல்களின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. அப்போதே கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்திருக்க வேண்டும். கருவி அலமாரியில்தான் இருந்தது. 'எப்படியும் அரைக்கத்தானே போகிறோம்' என்று சோம்பிவிட்டேன்.

பட்டறைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "நீங்கள் எதற்கு அண்ணே சிரமப்பட வேண்டும்? சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, கிராங்கை அரைத்து, ஷெல்லும் பிஸ்டனும் மாட்டி அரை இஞ்சினாகவே தந்துவிடுகிறோம். ஹெட்டை வைத்து முடுக்கினால் ஓடும்" என்றார். கிராங்க் 010 அளவுக்கு அரைப்பதாகப் பேச்சு. அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்துப் பங்கு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், குறையும். அதற்கு ஏற்ற தடித்த ஷெல்லைப் போட வேண்டும். மொத்தம் 31,000 ரூபாய். ரசீது கேட்டேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய ஷெல்களைக் கேட்டதற்கு "குப்பையில் போய்விட்டது அண்ணே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஹெட்டை வைத்து, டைமிங் பார்த்து, இரண்டு நாளில் வண்டியை எழுப்பிவிட்டோம். புகை இல்லை. மாத்தூர், இளையாற்றங்குடி எல்லாம் நிம்மதியாகப் போய் வந்தோம். முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். பிள்ளையார்பட்டிக்குப் போகும் வழியில், குன்றக்குடி நெருங்கும்போது, உரலில் கனமாக இடிப்பதுபோல ஒரு சத்தம். வால்வுச் சத்தம் மெலிதாக, தையல் இயந்திரம் போல ஓடும். இது அடியிலிருந்து வந்தது. நான் தனியாக வாங்கி மாட்டியிருந்த ஆயில் அழுத்த மீட்டர், இஞ்சின் சூடேறிய பிறகு ஐடிலில் தரைக்கு இறங்கியிருந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டோம். ஆத்தாவை ஆட்டோவில் அனுப்பினேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்த பின், கொட்டகையில் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவதைக் கழற்றியதும் இடி பாதியாகத் தணிந்தது. சிலிண்டர் வெடிக்காதபோது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் பாரம் விழாது, சத்தம் அடங்கும். எனவே கோளாறு மூன்றாவது பிக் எண்ட் பேரிங்கில், அதாவது அந்த ராடின் அடிமுனை கிராங்கைப் பிடிக்கும் இடத்தில். (பாயிண்ட் வைத்த பழைய வண்டி என்பதால் செய்தேன். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஓடும்போது வயரைக் கழற்றி வைக்காதீர்கள்.) ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தால் பொடிப் பொடியாக மினுக்கம். காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. இரும்புத் தூளானால் ஒட்டியிருக்கும். ஒட்டாதது பேரிங் உலோகம்.

மறுபடி சங்கிலியில் தூக்கி இறக்கிப் பிரித்தோம். கிராங்கில் ராட் மாட்டும் மூன்றாவது பின்னில் கோடு கோடாகக் கீறல். மற்ற மூன்றும் எங்கள் ஊர் வீடுகளின் முட்டைப் பூச்சுச் சுவர் போலப் பளபளத்தன. அந்தப் பளபளப்பில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஷெல்லைக் கழற்றி முதுகைத் திருப்பினேன். 010 என்று அடித்திருக்க வேண்டிய இடத்தில் எஸ்டிடி, அதாவது சாதாரண அளவு. எட்டு பிக் எண்ட் ஷெல், கிராங்கையே தாங்கும் ஆறு மெயின் ஷெல், பதினான்கிலும் அதே எழுத்து. கீறல் விழாத இரண்டாவது பின்னை மைக்ரோமீட்டரில் ஒருமுறையும், குறுக்காகத் திருப்பி ஒருமுறையும் அளந்தேன். இரண்டுக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம். ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே அரைக்கச் சொல்வார்கள். அவர்கள் கிராங்கை இயந்திரத்தில் ஏற்றவே இல்லை. உப்புத்தாளைச் சுற்றி இழுத்து மினுக்கிவிட்டு, முட்டை வடிவில் தேய்ந்த பின்னில் புது ஷெல்லை மாட்டி மூடிவிட்டார்கள். கிராங்கின் ஆயில் துளைகளில் கம்பியை விட்டால் கறுப்புக் களிம்பு வந்தது, கழுவக்கூட இல்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: சிலிண்டரில் போட்ட போர் சரியாக இருந்தது. ஹெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் வேலை அல்லவா.

அரை இஞ்சினாகக் கட்டிக் கொடுத்த தாராளம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. ஷெல்லை என் கையில் கொடுத்திருந்தால் முதுகைப் பார்த்திருப்பேன்.

பட்டறையில் போய்க் கேட்டால், "ஆயில் பற்றாமல் ஓட்டியிருப்பீர்கள் அண்ணே" என்றார். ஆயில் பற்றாமல் போனால் ஷெல் கருகும், உருகும். முதுகில் அடித்த எழுத்து மாறாது என்றேன். பிறகு "கிராங்க் நன்றாக இருந்தது, அதனால் அரைக்கவில்லை" என்றார். அப்படியானால் அரைத்த கூலி எதற்கு? கடைசியில் 6,000 ரூபாயை மேசைமேல் வைத்து, வாங்கினால் வாங்கு என்பதுபோலப் பார்த்தார். வாங்கவில்லை.

கிராங்கை மதுரைக்குக் கொண்டுபோனேன். கீறல் ஆழமாக இருந்ததால் 010 போதவில்லை, 020 வரை போக வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு ஒரு தலைமுறைத் தேய்மானத்தை இந்த முந்நூறு கிலோமீட்டர் தின்றுவிட்டது. அரைத்தபின் ஒவ்வொரு பின்னையும் என் முன்னால் அளந்து சீட்டில் எழுதித் தந்தார்கள். ஷெல்களை டப்பா பிரிக்காமல் வாங்கி வந்து நானே மாட்டினேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, வேலை செய்ததற்கு ரசீது தராததே முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். வேலைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. சிவகங்கைக்கு மனு எழுதிவிட்டேன். துண்டுச் சீட்டு, ஷெல்லின் முதுகுப் படங்கள், மதுரைப் பட்டறையின் அளவுச் சீட்டு எல்லாம் இணைப்பு. பதினான்கு ஷெல்களையும் எண் எழுதித் துணியில் கட்டிப் பட்டாலை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்பது கோயில்களில் இன்னும் ஏழு பாக்கி.