பழைய டிபிஎஃப் கோப்புகளுக்கு ஆக்சஸ்: படிக்கட்டும், எழுத வேண்டாம்

எங்கள் சரக்குக் கணக்கு இன்னமும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய நிரலில்தான் ஓடுகிறது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், நிரல் போகவில்லை. பில் போடும், இருப்பு காட்டும், மாதக் கடைசியில் அதே நாலு அறிக்கையை அச்சடிக்கும். ஐந்தாவதாக ஒன்று கேட்டால்தான் வம்பு. 'ஆறு மாசமா நகராத சரக்கு எது?' என்று மேலாளர் கேட்டால் மெனுவில் அதற்கு இடமில்லை. தரவு முழுக்க சர்வரில் ஒரு ஃபோல்டரில் டிபிஎஃப் கோப்புகளாகக் கிடக்கிறது. டிபிஎஃப் என்பது ஒவ்வொரு அட்டவணையையும் ஒரு கோப்பாக வைக்கும் பழைய வடிவம், டிபேஸ் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் வழியாக அந்தக் கோப்புகளைத் தொட்டு, கேட்டதை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பதற்கு ஆக்சஸ் அருமையான கருவி. எழுதுவதற்கு அதை அந்தக் கோப்புகளின் பக்கமே விடக்கூடாது.

வாங்குவதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். 2010 வரை டிபேஸ் இணைப்பு இருந்தது, 2013 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். பயன்படுத்துபவர்கள் விடாமல் கேட்டதால் 2016-இல் சந்தா பதிப்புக்குத் திரும்பி வந்தது. எங்கோ மலிவாக 2013 கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால் மெனுவில் டிபேஸ் என்ற வரியே இருக்காது.

இணைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வெளித் தரவு என்ற தாவலில் டிபேஸ் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், தரவை உள்ளே இழுத்துக்கொள்ளவா, இணைத்து மட்டும் வைக்கவா என்று கேட்கும். இணைப்பைச் சொல்லுங்கள். சர்வர் ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்து கொடுத்து வைத்திருந்தாலும் அதன் வழியாகப் போகாமல், இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு சர்வர் பாதையையே கொடுங்கள். டிரைவ் எழுத்து அவரவர் லாகினுக்கு மாறும். உங்கள் கணினியில் திறக்கும் அறிக்கை பக்கத்து மேசையில் திறக்காது.

இனி வரும் தகராறுகளில் பாதி கோப்பின் பெயரால் வருவது. கோப்பை ஆக்சஸுக்குப் படித்துக் கொடுக்கும் டிபேஸ் டிரைவருக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் நீண்டால் பிடிக்காது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆக்சஸ் அதைக் காணோம் என்று சாதிக்கும். பெயரைச் சுருக்கினால் பேசாமல் திறந்துவிடும். ஆனால் பழைய நிரல் தேடுவதும் அதே பெயரைத்தானே, அதனால் மூலத்தில் கை வைக்காமல் வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து அதற்குத்தான் பெயர் மாற்ற வேண்டும். புலங்களின், அதாவது அட்டவணை நெடுவரிசைகளின், பெயர்களுக்குப் பத்து எழுத்துதான் என்பது டிபேஸ் காலத்துச் சட்டம். அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மீதிப் பாதி, கோப்பின் முதல் பைட். 'வெளி அட்டவணை எதிர்பார்த்த வடிவத்தில் இல்லை' என்று ஆக்சஸ் கைவிரித்தால், அந்தக் கோப்பின் நகலை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல்) திறந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 03 என்றிருந்தால் மெமோ (நீண்ட குறிப்புகளுக்கான புலம்) இல்லாத சாதா டிபேஸ் 3 வடிவம், கவலை இல்லை. 83 என்றால் டிபேஸ் மெமோ, கூடவே அந்தக் குறிப்புகளை வைத்திருக்கும் டிபிடி கோப்பு இருக்க வேண்டும். எஃப்5 என்றால் ஃபாக்ஸ்புரோ மெமோ, 30 என்றால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. கடைசி இரண்டையும் ஆக்சஸின் டிபேஸ் டிரைவர் ஏற்காது. நீட்டிப்பு எல்லாவற்றுக்கும் டிபிஎஃப் என்றுதான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எந்தக் கோப்பு எந்தச் சாதி என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டு வைத்துவிட்டால் பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

30 வகைக்கு விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் ஓடிபிசி டிரைவர் (ஒரு மென்பொருளின் தரவை இன்னொன்று படிக்க உதவும் இணைப்பு நிரல்) வேண்டும். அது 32-பிட்டில் மட்டும்தான் வந்தது. இப்போது ஆஃபீஸ் நிறுவினால் கேட்காமலே 64-பிட் வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் ஒட்டாது. இந்த வேலைக்கென ஒரு கணினியில் 32-பிட் ஆஃபீஸ் போட்டு ஒதுக்கிவிடுவதுதான் வழி. ஓடிபிசி அமைப்பைத் திறக்கும்போதும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64-பிட் நிரல், பெயரில் 64 வைத்துக்கொண்டிருக்கும் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட் நிரல். இந்தப் பெயரை வைத்தவரை ஒருநாள் பார்த்துப் பேச வேண்டும்.

சரி, இணைத்தாயிற்று. ஏன் எழுத விடக்கூடாது?

ஃபாக்ஸ்புரோ தன் இண்டெக்ஸை, அதாவது வரிகளை விரைவாகத் தேட உதவும் குறிப்பை, சிடிஎக்ஸ் கோப்பில் வைக்கிறது. டிபேஸ் டிரைவருக்குத் தெரிந்த இண்டெக்ஸ் கோப்புகளெல்லாம் என்டிஎக்ஸும் எம்டிஎக்ஸும். ஆக்சஸிலிருந்து ஒரு வரியைச் சேர்த்தால் டிபிஎஃப்-இல் வரி ஏறிவிடும், சிடிஎக்ஸுக்குச் சேதி போகாது. பிறகு பழைய நிரல் இண்டெக்ஸ் வழியாகத் தேடும்போது அந்தச் சரக்கே கிடையாது என்று சொல்லும். கோப்பைத் திறந்து பார்த்தால் சரக்கு அங்கேயே இருக்கும். இப்படிப்பட்ட பிழையை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பூட்டு விவகாரம் இன்னும் மோசம். ஒரு வரியைத் திருத்தும்போது மற்றவர் தொடாமல் இருக்க ஒவ்வொரு நிரலும் கோப்பில் ஓரிடத்தைப் பூட்டும். அந்த இடம் டிபேஸுக்கு ஒன்று, ஃபாக்ஸ்புரோவுக்கு வேறொன்று, டிபிஎஃப் பயன்படுத்தும் இன்னொரு பழைய மென்பொருளான கிளிப்பருக்கு இன்னொன்று. ஒருவர் போட்ட பூட்டு மற்றவர் கண்ணில் படுவதே இல்லை.

அதனால் ஆக்சஸ் பயன்படுத்துபவர்களின் கணக்குக்கு அந்த ஃபோல்டரில் படிக்கும் உரிமை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். இதில் ஒரு சிக்கல் வரும். டிபேஸ் இண்டெக்ஸைத் தேர்ந்தெடுத்து இணைத்தால், எந்த இண்டெக்ஸ் என்று குறித்துக்கொள்ள ஆக்சஸ் ஒரு ஐஎன்எஃப் கோப்பை அதே ஃபோல்டரில் எழுதப் பார்க்கும். எழுத உரிமை இல்லாவிட்டால் விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், டிபேஸ் வகைக் கோப்புகளுக்கான எக்ஸ்பேஸ் பகுதியில் ஐஎன்எஃப் பாதை என்ற இடத்தில் வேறு ஃபோல்டரைக் காட்டலாம். அதே பகுதியில்தான் நீக்கிய வரிகளைக் காட்டுவதா, மறைப்பதா என்ற அமைப்பும் இருக்கிறது. இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். டிபிஎஃப்-இல் ஒரு வரியை நீக்கினால் அது போய்விடுவதில்லை. வரியின் முதல் எழுத்தாக இருந்த இடைவெளி நட்சத்திரக் குறியாக மாறும், அவ்வளவுதான். பழைய நிரலில், நீக்கிய வரிகளை நிரந்தரமாக அகற்றும் பேக் கட்டளை ஓடும் வரை வரி அப்படியே கிடக்கும். இந்த அமைப்பு மாறியிருந்தால் ரத்தான பில்களும் சேர்ந்து மொத்தம் எகிறிவிடும்.

தொகைகளில் இன்னொன்று. டிபிஎஃப்-இல் எண்கள் இலக்கம் இலக்கமாக எழுத்தாகவே பதிவாகின்றன. ஆக்சஸ் அவற்றை, தசமங்களைத் தோராயமாக வைக்கும் டபுள் எண் வகையாக எடுத்துக்கொள்ளும். நீளமான பட்டியலைக் கூட்டும்போது கடைசி தசமத்தில் வால் முளைக்கும். வினவலில் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளையில்) தொகைப் புலத்தைப் பணத்துக்கான கரன்சி வகைக்கு மாற்றிவிட்டுக் கூட்டினால் கணக்குப்பிள்ளையும் நீங்களும் நண்பர்களாகவே இருக்கலாம்.

எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் டாஸ் காலத்து ஓஇஎம் குறியீட்டுக்கும் விண்டோஸின் ஏஎன்எஸ்ஐ குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. அதற்கும் அதே எக்ஸ்பேஸ் பகுதியில் ஒரு மதிப்பு உண்டு.

வேகத்தில் ஆக்சஸுக்கு மதிப்பெண் குறைக்கத் தோன்றும், ஆனால் குற்றம் அதனுடையது மட்டும் அல்ல. சர்வர் இங்கே வெறும் அலமாரி. தேடுவதும் வடிகட்டுவதும் உங்கள் கணினியில்தான் நடக்கும், அதற்கான தரவு கம்பி வழியாக வந்தாக வேண்டும். இண்டெக்ஸ் இல்லாத பெரிய அட்டவணையில் ஒரு வரியைத் தேடினாலும் முழு அட்டவணையும் நெட்வொர்க்கில் பயணம் செய்யும். இரண்டு பெரிய அட்டவணைகளை இணைத்து வினவினால் டீ குடித்துவிட்டு வரலாம். நான் இப்போது செய்வது, காலையில் வேலை தொடங்கும் முன் தேவையான புலங்களை மட்டும் ஆக்சஸின் உள் அட்டவணைகளுக்கு இழுத்து, அங்கே இண்டெக்ஸ் போட்டுக்கொள்வது. அப்புறம் நாள் முழுக்க எந்தக் கேள்விக்கும் பதில் பட்டென்று வருகிறது. தினமும் அழித்து நிரப்புவதால் ஆக்சஸ் கோப்பு ஊதிக்கொண்டே போகும். 2 ஜிபி அதன் எல்லை, அதனால் சுருக்கிச் சீர்செய்யும் கட்டளையை அவ்வப்போது ஓட்டுங்கள். இன்னொரு கவனம்: பழைய நிரல் ஏதாவது ஒரு கோப்பைத் தனக்கு மட்டும் என்று திறந்து வைத்திருந்தால் இழுப்பு பாதியில் நின்றுவிடும். மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸ் பேஸ் இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள டிபிஎஃப் எல்லாம் அட்டவணையாக வந்து நிற்கும், எழுத்துக் குறியீட்டை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், நீக்கிய வரிகளைக் காட்டுவதற்கு ரெஜிஸ்ட்ரி பக்கம் போகாமல் ஒரு டிக் போதும். இந்த இரண்டிலும் ஆக்சஸை விட நாகரிகம். ஆனால் டிபேஸ் இணைப்பில் ஒரு வினவலுக்கு ஒரு அட்டவணைதான், இரண்டைச் சேர்க்க முடியாது. சரக்கின் பெயர் ஓர் அட்டவணையிலும் விற்பனை இன்னொன்றிலும் இருக்கும் எனக்கு அது உதவவில்லை. ஒரே ஒரு முகவரிப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதுவே போதும்.