ட்ரோஜன் புகுந்த கணினி: ஸ்கேன் போதுமா, ஃபார்மட் அடிக்கணுமா?

கணினியில் ட்ரோஜன், அதாவது வேஷம் போட்டு உள்ளே நுழையும் கெட்ட புரோகிராம், இருக்கிறது என்று சென்னையின் கம்ப்யூட்டர் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடலாம் சார்." அதையே ஓஎம்ஆர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சானிடம் கேட்டால், "எதுக்கு? மால்வேர்பைட்ஸ் போட்டு ஒரு ஸ்கேன் விடுங்க, போதும்" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வந்த ட்ரோஜன் எந்த வழியாக வந்தது, உள்ளே எத்தனை நாள் இருந்தது, அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

ட்ரோஜன் தானாகப் பரவுகிற ஜாதி இல்லை. யாராவது அதை கிளிக் செய்து ஓடவிட வேண்டும். அதனால் வேறு ஏதாவது ஒன்றாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். நம் ஊரில் அதற்கு மிகவும் தோதான வேஷம் கிராக், அதாவது காசு கட்டாமல் சாஃப்ட்வேரை ஓடவைக்கும் திருட்டு வழி. விண்டோஸ் ஆக்டிவேட்டர், போட்டோஷாப் கிராக், கணக்கு சாஃப்ட்வேரின் கிராக் என்று வரிசையாகச் சொல்லலாம். கூடவே வரும் குறிப்பில் 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று இருக்கும். நாமும் ஆஃப் செய்து, அட்மின் அனுமதியும் கொடுத்துவிடுகிறோம். 2021இல் கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரைச் சொல்லி கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடும் ட்ரோஜனைப் பரப்பினார்கள்.

அடுத்தது மெயில். இன்வாய்ஸ், கூரியர் ரசீது, ஜிஎஸ்டி நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு ஃபைல் வரும். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் எழுத்துகளை மறைத்துவிடுவதால், பிடிஎஃப் போலத் தெரிவது உண்மையில் ஒரு புரோகிராமாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வைத்தாலே இந்தத் தந்திரம் பாதி வெளுத்துவிடும்.

2024 முதல் அதிகமாகியிருக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் திறக்கும். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், கண்ட்ரோலோடு வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே நம் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்திருக்கும். நம் கையாலேயே அதை ஓட்டவைப்பார்கள். எந்த உண்மையான கேப்ட்சாவும் இப்படிக் கட்டளை ஓட்டும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

உள்ளே வந்ததும் அது செய்யும் முதல் வேலை தங்கும் இடம் பார்ப்பது. ஸ்டார்ட்அப், டாஸ்க் ஷெட்யூலர், ரெஜிஸ்ட்ரி என்று எங்காவது தன் பெயரை எழுதிவைத்துக்கொள்ளும். சில ட்ரோஜன்கள் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தேடாமல் விட்டுவிடும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் தங்கள் ஃபோல்டரையும் சேர்த்துவிடும். அப்புறம் எத்தனை ஸ்கேன் விட்டாலும் டிஃபெண்டர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. வேறு சில, பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும். 2014இல் பேங்க் தகவல் திருடும் ட்ரோஜனாகத் தொடங்கிய எமோடெட், பிறகு மற்ற மால்வேர்களை (கெட்ட சாஃப்ட்வேர்களை) ஏற்றிவரும் வண்டியாகவே மாறியது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அந்த நவம்பரிலேயே திரும்பி வந்தது. தகவல் திருடும் வகையோ பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் லாகின் குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். குக்கீ கையில் கிடைத்துவிட்டால் ஓடிபி கேட்காமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும்.

அதனால் ஸ்கேனா ஃபார்மட்டா என்று யோசிக்கும் முன்பே இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். முதலில் மெயில், அப்புறம் பேங்க். எல்லா இடத்திலும் 'சைன் அவுட் ஆஃப் ஆல் டிவைசஸ்' கொடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் அடியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கணினியை மட்டும் சுத்தம் செய்வது, நகை போன பிறகு வீட்டைக் கழுவி விடுவது மாதிரி.

இனி வழிகளைப் பார்ப்போம்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை இன்னும் பலர் மதிப்பதில்லை. பழைய விண்டோஸ் காலத்து அபிப்பிராயம் அது. இப்போது வீட்டுக் கணினிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் அதில் சாதாரண 'ஃபுல் ஸ்கேன்' வேறு, 'ஆஃப்லைன் ஸ்கேன்' வேறு. முதலாவது விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பது. ட்ரோஜனும் கூடவே விழித்திருக்கும், ஒளிந்துகொள்ளவும் செய்யும். இரண்டாவதில் கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே தேடல் முடிந்துவிடும். சுமார் 15 நிமிடம்தான். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கிறது. அதை ஓட்டும் முன் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காதது எதுவாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள்.

மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, கூப்பிட்டால் வந்து தேடுகிற ஆள். நாள் முழுக்கக் காவல் இருப்பது காசு கட்டும் பதிப்பு. ஆட்வேர், வேண்டாத டூல்பார் போன்ற குப்பைகளைப் பிடிப்பதில் அதற்கு நல்ல பெயர். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் என்று ஒன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்த 10 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் பென்டிரைவில் பத்திரமாக வைத்திருப்பதில் பயனில்லை. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தருவது சென்னைக் கம்பெனியான கே7. இதில் எதை எடுத்தாலும் இரண்டாவது அபிப்பிராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுநேரக் காவல் இரண்டு பேரை ஒரே கணினியில் போட்டால் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டு கணினி நகராது.

விண்டோஸை எழுப்பாமல் பென்டிரைவிலிருந்தே ஓடித் தேடும் ரெஸ்க்யூ டிஸ்க் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸே எழவில்லை, அல்லது டிஃபெண்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் அது கைகொடுக்கும். பென்டிரைவைத் தயார் செய்ய வேறொரு நல்ல கணினி வேண்டும். டிஸ்க் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளேயே போக முடியாது.

இப்போது ஃபார்மட். ஸ்கேனோடு ஒப்பிட்டால் நேரமும் உழைப்பும் பல மடங்கு. பதிலுக்குக் கிடைப்பது நிச்சயம். ஸ்கேனர் 'எதுவும் இல்லை' என்று சொன்னால், அதற்குத் தெரிந்தது எதுவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபார்மட்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் ட்ரோஜன் மிக அபூர்வம். 2018இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ், டிஸ்க்கை அழித்தாலும் அழியாத மதர்போர்டு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேரிலேயே உட்கார்ந்தது, ஆனால் அது அரசு அலுவலகங்களைக் குறிவைத்த ரகம். நம்மைப் போன்றவர்கள் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஃபார்மட் அடித்த மறு மாதமே ட்ரோஜன் திரும்புவதும் நடக்கிறது. பெரும்பாலும் சி டிரைவை மட்டும் அழிக்கிறோம். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்ற ஃபோல்டரில் அந்தப் பழைய கிராக் செட்டப் அப்படியே குந்தியிருக்கும். புது விண்டோஸில் அதையே மறுபடி இன்ஸ்டால் செய்வோம். இல்லாவிட்டால் பிரவுசரில் லாகின் செய்ததும் கெட்ட எக்ஸ்டென்ஷன் சிங்க் ஆகித் திரும்பி வந்து நிற்கும். இன்னொன்று, ஓஎஸ் போட்டுக் கொடுப்பவரே அதை ஆக்டிவேட்டர் வைத்து எழுப்பிவிடுவது. எந்த வழியாக வந்ததோ அதே வழியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறோம். லேப்டாப்போடு ஒரிஜினல் விண்டோஸ் வந்திருந்தால் அதன் லைசென்ஸ் அந்த மெஷினோடு இணைந்தே இருக்கும். அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இதைக் கடையில் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்வதானால் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' ஆசை காட்டும். ட்ரோஜன் வந்த கணினிக்கு அது வேண்டாம். 'கிளவுட் டவுன்லோட்' கொடுத்தால் கணினியில் இருக்கும் ஃபைல்களை நம்பாமல் மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிதாக இறக்கும், 4 ஜிபிக்கு மேலும் டேட்டா ஆகலாம். பேக்கப்பில் போட்டோ, டாகுமெண்ட் மட்டும் எடுங்கள். செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம்.

கடையில் கொடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். கை பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் சுலபம், செலவும் பெரிதாக இருக்காது. ஆனால் லாகின் பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டிவிட்டு வருகிறோமே, அதில் இருக்கும் ஆதார் ஸ்கேனும் குடும்ப போட்டோவும் யார் கண்ணில் படும் என்று யோசிப்பதில்லை. பேக்கப்பை வீட்டிலேயே எடுத்துவிட்டு, 'டேட்டா எதுவும் வேண்டாம், எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சிடுங்க' என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஆக என் தேர்வு இப்படி. காலேஜ் பிள்ளையின் லேப்டாப்பில் விளம்பரம் பொங்கி வழிகிறது, டிஃபெண்டர் ஒன்றைப் பிடித்து அன்றே குவாரண்டைன் செய்துவிட்டது (தனியே பூட்டிவிட்டது) என்றால் ஆஃப்லைன் ஸ்கேனும் ஒரு இரண்டாவது ஸ்கேனரும் போதும். மச்சான் சொன்னது சரி. நெட்பேங்கிங், ஜிஎஸ்டி லாகின், வாடிக்கையாளர்களின் பான் விவரங்கள் இருக்கும் ஆடிட்டர் அலுவலகக் கணினி என்றாலோ, கிராக் எப்போது போட்டது என்றே நினைவில்லை என்றாலோ, டிஃபெண்டர் ஆஃப் ஆகிக் கிடந்திருந்தாலோ, ஸ்கேனில் நேரத்தைக் கடத்தாமல் முழுசாக அழித்துவிடலாம். அங்கே ரிச்சி ஸ்ட்ரீட் கட்சிதான் ஜெயிக்கிறது.

இரண்டிலும் அடங்காதது ஜெராக்ஸ் கடை மூலையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் மெஷின். 2020 ஜனவரியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. எல்லோருடைய பென்டிரைவும் அதில்தான் செருகப்படுகிறது. அங்கே பிரிண்ட் எடுக்கத்தான் வேண்டுமென்றால் அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கும் தனி பென்டிரைவைக் கொண்டுபோய், வீட்டுக்கு வந்ததும் எதையும் திறக்காமல் அதை ஃபார்மட் செய்துவிடுங்கள்.