நாசிக் மிசலுக்கு ஏற்ற ஒயின்

கம்பத்துப் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவன் நான். பிப்ரவரியில் நாசிக்கில் ஒயின் தயாரிக்கும் சுலா நிறுவனத்தின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தையொட்டி நடக்கிற வேலை. இங்கே மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். சுலா 1999-இல் தொடங்கிய நிறுவனம்.

அங்கே சுவைத்ததில் மனசில் நின்றது செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். லேசான இனிப்பு, கொய்யா வாசனை. ஒரு பாட்டில் வாங்கி, சாயங்காலம் அறையில் மிசல் பாவோடு, அதாவது முளைகட்டிய பயறுக் காரக் குழம்பும் பன்னுமாக, குடித்தோம். அடடா! மிசலில் எண்ணெய் மிதக்கும் காரச் சாறான தர்ரியின் காரத்தை அந்த இனிப்பு அப்படியே தணித்தது. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் மிசலுக்கு ஒத்துவராது. அதன் துவர்ப்பு காரத்தைக் கிளப்பிவிடும். ஜவ்வரிசி வடைக்குப் புளிப்பான வெள்ளை ஒயின் சாவின்யோன் பிளாங்க், நன்றாகக் குளிரவைத்து.

வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு.