ஊர் நாய்க்குப் புதிர்ப் பலகை தேவையா? ஒன்றரை மாதம் பாவித்துப் பார்த்த அனுபவம்

சாப்பாட்டை மூடிகளுக்குக் கீழே ஒளித்து வைத்து நாயைத் தேட வைக்கிற இந்தப் பலகை கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுப்பித்தது. கூரியர் காசோடு 4,300 ரூபாய். பெட்டியை உடைத்த அன்றே அம்மா கேட்டுவிட்டார், "உது ஊர் நாயெல்லோ, உதுக்கு ஏன் உவ்வளவு காசு?" வாங்க நினைக்கிற பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஜிம்மிக்கு மூன்று வயது, கோண்டாவிலில் ஒரு மதகடியில் குட்டியாகக் கிடைத்தவன். தகரப் படலையை அவன் தானாகவே திறக்கப் பழகினான். முதலில் பிணைச்சல் இருக்கிற பக்கத்தை நாட்கணக்காக விறாண்டினான், பிறகு ஒருநாள் கொளுக்கியை மூக்கால் உயர்த்திவிட்டு வெளியே போய்விட்டான். நான் கம்பி போட்டுக் கட்டியதும் கொளுக்கியை ஒருதரம் தட்டிப் பார்த்தான், சரிவரவில்லை, அதோடு படலையை விட்டுவிட்டு வேலியில் ஓலை இளகின இடத்தைத் தேடிக்கொண்டான். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க மாமரத்தடியில் சும்மா படுத்திருந்தால் செருப்பைக் கடிக்காமல் வேறு என்ன செய்வான்?

பலகை வட்டமான பிளாஸ்டிக், சாப்பாட்டுக் கோப்பையைவிடக் கொஞ்சம் அகலம். ஓரத்தில் எட்டுத் தள்ளு மூடிகள் ஒரே தவாளிப்பில் ஓடும், நடுவில் எலும்பு வடிவில் நாலு தூக்கு மூடிகள். அடியில் உள்ள குழிகளில் சாப்பாட்டை ஒளித்து வைக்க வேண்டும். சில குழிகளுக்குப் பக்கத்து மூடியைத் தள்ளி இடம் எடுத்தால்தான் அடுத்தது திறக்கும். விசயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் முழுப் பலகையையும் கவிழ்த்துக் கொட்டிச் சாப்பிட்டான். அதுவும் ஒரு வழிதானே! இரண்டாம் நாள் நான் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன், காலால் அடித்துப் பார்த்துவிட்டு மூக்கால் தள்ளத் தொடங்கினான். ஒரு கிழமைக்குள் வெறும் குழிகளை மணந்துவிட்டு விட்டுவிடுவான், சாப்பாடு உள்ளதை மட்டும் திறப்பான். மணத்தை வைத்துத்தானே செய்கிறான் என்று எல்லாக் குழியிலும் இறைச்சி அவித்த தண்ணீர் தடவி வைத்தேன். கொஞ்சம் தடுமாறினான், பிறகு ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒருநாள் தவாளிப்பில் மண் போய் ஒரு மூடி இறுகிவிட்டது. இரண்டுதரம் தள்ளினான், பிறகு இருந்துவிட்டு என்னைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். கைவிட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2003-இல் ஹங்கேரியில் ஆய்வாளர் ஆடம் மிக்லோசியும் கூட்டாளிகளும் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் நாய்களையும் வைத்து இதையே பரிசோதித்திருக்கிறார்கள். திறக்கத் தெரிந்த ஒன்றைத் திறக்க முடியாமல் செய்துவிட்டால், ஓநாய்களைவிட நாய்கள் சீக்கிரமாகவும் கூடுதல் நேரமும் மனிதரின் முகத்தைப் பார்த்தன. ஆளைக் கூப்பிடுவதும் அவற்றின் கெட்டித்தனத்தில் ஒரு பங்கு. அதனால் நாய் உங்களைப் பார்த்த உடனே திறந்து கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், பிறகு விரலால் காட்டுங்கள். ஜிம்மி விரல் போன பக்கம் போவான்.

சித்தப்பா "பொடர் கொலி போல வருமோ" என்கிறார், அது செம்மறி மேய்க்கிற ஒரு நாய் இனம். அமெரிக்காவில் சேசர் என்ற பொடர் கொலி 1,022 விளையாட்டுச் சாமான்களைப் பெயர் சொன்னால் எடுத்துக் கொடுத்தது உண்மைதான், பெரிய விசயம்தான். ஆனால் எல்லோரும் பகிர்கிற அந்தக் கெட்டிக்கார இனப் பட்டியல், 1994-இல் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. சொன்னதை எவ்வளவு விரைவாகக் கேட்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஜிம்மி கூப்பிட்டால் பாதி நேரம் வரமாட்டான், படலையை மட்டும் திறப்பான். இவனை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது?

இனிக் குறைகள். அடியில் ரப்பர் கால் இல்லை, சீமெந்து நிலத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நான் ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் வைக்கிறேன். பச்சைப் பலகையில் சிவப்பு மூடி. எங்கள் கண்ணுக்கு வடிவு, ஆனால் நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும், ஆகவே நிறத்தைப் பார்க்கிற ஆளாக இருந்தால் அப்படி வாங்குங்கள். எலும்பு மூடிகள் மெல்லிசு, மூன்றாம் கிழமை ஒன்று வெடித்தது. படம் எடுத்து அனுப்பியும் விற்றவர்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. விளையாடி முடிந்த கையோடு கழுவாவிட்டால் கால் மணித்தியாலத்தில் எறும்பு வந்துவிடும். கடிக்கிற குட்டியிடம் தனியே விட்டுவிட்டுப் போகவே கூடாது.

உள்ளே வைக்க அவித்த கோழித் துண்டோ முட்டையோ போதும். மிஞ்சின கறியை வைக்காதீர்கள், வெங்காயம் நாய்க்குக் கூடாது. சொக்கிளேற்றும் அப்படித்தான். வீட்டுப் பந்தலில் முந்திரிகை (திராட்சை) காய்க்கிறவர்கள் ஒரு பழம்கூட வைக்க வேண்டாம், நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாங்க முதல் மூன்று சிரட்டையைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் இறைச்சி வைத்துப் பாருங்கள். நாய் ஆர்வமாகத் தேடினால் தாராளமாக வாங்கலாம், உடைந்த மூடியோடும் நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இப்போது பின்னேரம் ஐந்து மணியானால் ஜிம்மி பலகையைக் கவ்விக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்கிறான், முட்டையை உரித்து வைப்பது அம்மாதான்.