பாரிஸில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம்: ஐரோப்பியப் பயணத்தில் எதுவரை கைகொடுக்கும்?

பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஒரே பயணத்தில் பல நாடுகளைச் சுற்றிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் பிறகு முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டிய செலவு கைபேசிச் செலவுதான். பாரிஸ் லா சப்பல் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் 10 யூரோ கொடுத்து வாங்கிய ப்ரீபெய்ட் சிம்மை பிரஸ்ஸல்ஸ், கொலோன் வழியாக பாஸல், சூரிக் வரை எடுத்துச் சென்று பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இதைவிட மலிவாகவும் நிம்மதியாகவும் வேறு வழி இல்லை என்பது என் முடிவு. சுவிஸ் எல்லையைத் தாண்டும்போது மட்டும் இதே சிம் எதற்கும் உதவாமல் போகிறது. அதற்கான ஏற்பாட்டைத் தனியே செய்துகொள்ள வேண்டும்.

ஒரு நாட்டில் வாங்கிய சிம் இன்னொரு நாட்டில் அதே கட்டணத்தில் வேலை செய்வது நிறுவனங்கள் மனமுவந்து தரும் சலுகை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை ஒழித்தது. 2022இல் அந்தச் சட்டத்தை மேலும் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2032 வரை, நீட்டித்தது. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றும் இந்த ஏற்பாட்டில் உண்டு. 2026 ஜனவரி முதல் உக்ரைனும் மால்டோவாவும் சேர்ந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து இதில் இல்லை. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு விலகியதோடு இந்த உரிமையை இழந்துவிட்டது. நம்மவர்களின் உறவினர்கள் அதிகம் வாழும் லண்டனும் சூரிக்கும் பேர்னும் இந்த எல்லைக்கு வெளியே இருப்பதால்தான், மற்ற பயணிகளைவிடத் தமிழ்ப் பயணிகள் இந்த விவரத்தைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விமான நிலையத்தில் வாங்க வேண்டாம். வந்து இறங்கியவரின் அவசரத்தை அறிந்து, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அழகாக அச்சிட்டு 30 யூரோவுக்கு மேல் விலை வைத்த அட்டைகள்தான் அங்கே முன்வரிசையில் இருக்கும். விமான நிலையத்தின் இலவச வைஃபையில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, ரயில் ஏறி கார் து நோர் நிலையத்துக்கு வந்தால், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லா சப்பல். மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, உணவகம் என்று தமிழ்ப் பெயர்ப் பலகைகள் நிறைந்த அந்தத் தெருக்களில் சிம் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாடுகளுக்குப் பேசுவோரை மனத்தில் வைத்து நடத்தப்படும் லைக்காமொபைல் போன்ற நிறுவனங்களின் சிம்களும், பிரான்ஸின் பெரிய நிறுவனங்களின் ப்ரீபெய்ட் சிம்களும் அங்கே கிடைக்கின்றன. கடவுச்சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவது, பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு விலை மதிப்பில்லாத வசதி.

நான் கேட்டதும் கடைக்காரர் ஒரு சிம்மை எடுத்து நீட்டிவிடவில்லை. "எந்தெந்த நாட்டுக்குப் போறியள் தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். சுவிஸ் என்று சொன்னதும், "ஜெர்மனி வரைக்கும் இது காணும். சுவிஸில இது வேலை செய்யாது, அங்க போய் வேறதான் எடுக்கோணும்" என்று தெளிவாகச் சொன்னார். பொருளை விற்கும்போதே அது எங்கே பயன்படாது என்பதையும் சொல்லும் கடைக்காரருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சிம் உறையை வாங்கியவுடன் கவனிக்க வேண்டியது அதில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள். பிரான்ஸுக்குள் இத்தனை ஜிபி என்று பெரிய எழுத்தில் ஒன்று இருக்கும். அதில் ஐரோப்பாவில் பயன்படுத்தக்கூடியது இத்தனை ஜிபி என்று அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொன்று இருக்கும். எல்லை தாண்டியதும் செல்லுபடியாவது இரண்டாவது எண்தான். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. வாடிக்கையாளர் வேற்று நாட்டில் பயன்படுத்தும் டேட்டாவுக்காக அந்நாட்டு நிறுவனத்துக்குச் சிம் நிறுவனம் கொடுக்க வேண்டிய மொத்தவிற்பனை விலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022இல் ஜிபிக்கு 2 யூரோவாக இருந்த அது ஆண்டுதோறும் குறைந்து 2026இல் 1.10 யூரோவாகியிருக்கிறது, 2027இல் 1 யூரோவாகும். மிக மலிவான பேக் என்றாலும், வரி நீக்கிய விலையை இந்த உச்சவரம்பால் வகுத்து அதை இரட்டித்தால் வரும் அளவு டேட்டாவையாவது மற்ற நாடுகளில் தந்தாக வேண்டும் என்பது விதி. 10 யூரோ பேக்கில் பிரான்ஸின் 20 சதவீத வரியை நீக்கினால் 8.33 யூரோ, அதை 1.10ஆல் வகுத்து இரட்டித்தால் ஏறத்தாழ 15 ஜிபி. வரைபடம், வாட்ஸ்அப் அழைப்பு, ரயில் சீட்டுச் செயலி, இரவில் சற்று நேரம் செய்தி பார்ப்பது என்று பயன்படுத்தும் ஒருவருக்கு இது தாராளம். அருகில் இருந்தவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தும் எனக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

சிம்மைத் திறக்கும் ரகசிய எண்ணான பின் (PIN) பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் சிம்மைப் போட்டால் போன் தானாக இயங்கத் தொடங்கும். பிரான்ஸ் சிம்களிலோ, போனை அணைத்துத் திறக்கும்போதெல்லாம் நான்கு இலக்க பின் கேட்கும். அந்த எண் சிம்மைப் பிய்த்தெடுத்த பிளாஸ்டிக் அட்டையில் இருக்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க வேண்டிய பியூக் எண்ணும் அதே அட்டையில்தான் இருக்கும். அட்டையைக் கடையிலேயே குப்பையில் போட்டுவிடாமல் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துபோனால் அந்த அட்டை கையில் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது.

பயன்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. பாரிஸிலிருந்து புறப்பட்ட ரயில் பெல்ஜிய எல்லையைத் தாண்டியதும், இங்கேயும் உங்கள் நாட்டுக் கட்டணமே என்ற குறுஞ்செய்தி வந்தது. இணையம் ஒரு நொடி தடுமாறிவிட்டு வேறு நிறுவனத்தின் சிக்னலில் தொடர்ந்தது. ஜெர்மனியிலும் அப்படியே. அமைப்புகளில் டேட்டா ரோமிங்கை இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நாம் செய்ய வேண்டியது. ரோமிங் என்றாலே பணம் போய்விடும் என்று அஞ்சி அதை அணைத்து வைத்துவிட்டு, சிம் வேலை செய்யவில்லை என்று கவலைப்படுவோரைப் பார்த்திருக்கிறேன்.

அழைப்புகளில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரான்ஸ் சிம்மோடு ஜெர்மனியில் இருந்துகொண்டு ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ பேசினால் அது ரோமிங். பேக்கில் உள்ள நிமிடங்களிலேயே அடங்கும். அதே சிம்மோடு பிரான்ஸில் இருந்துகொண்டு ஜெர்மனி எண்ணுக்குப் பேசினால் அது வெளிநாட்டு அழைப்பு. 2019 மே முதல் இதற்கு நிமிடத்துக்கு 19 சென்ட், வரி தனி, என்று உச்சவரம்பு இருந்தாலும், பேக்கில் சேராத அழைப்பாக இருந்தால் பேலன்ஸிலிருந்துதான் கழியும். கொலோனில் இருக்கும் உறவினருக்குப் பாரிஸிலிருந்தே தகவல் சொல்ல வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் அழைப்பதே நல்லது.

இனி சுவிஸ். கொலோனிலிருந்து வரும் ரயில் பாஸலில் முதலில் நிற்கும் பாடிஷர் நிலையம் ஜெர்மன் ரயில்வே நடத்துவது. ஆனால் இருப்பது சுவிஸ் மண்ணில். பலகைகளும் அறிவிப்புகளும் ஜெர்மனியில் இருப்பதாகவே எண்ணவைக்கும். போனோ அதற்குள் சுவிஸ் நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்திருக்கும். பாஸல் நகரின் டிராம்களில் 3ஆம் எண் பிரான்ஸுக்கும் 8ஆம் எண் ஜெர்மனிக்கும் போவதால், அங்கே தங்கியிருப்பவரின் போன் ஒரு மாலைப்பொழுதுக்குள் மூன்று நாட்டுச் சிக்னலுக்கும் மாறி மாறித் தாவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விலை வரம்பு எதுவும் சுவிட்சர்லாந்தில் செல்லாது. அங்கே ஒரு எம்பிக்கு எவ்வளவு என்பதைச் சிம் நிறுவனமே தீர்மானிக்கிறது. என் சிம்மில் சுவிஸ் சேராததால் இணையம் அப்படியே நின்றது. ப்ரீபெய்டின் பெரிய நன்மை இதுதான்: எவ்வளவு மோசமாகப் போனாலும் பேலன்ஸில் இருக்கும் தொகைக்கு மேல் ஒரு சென்ட் கூடப் போகாது. மாதாந்திர பில் கட்டும் போஸ்ட்பெய்ட் எண்ணோடு இந்த எல்லையைத் தாண்டுவோர் ரயில் கொலோனை விட்டுப் புறப்படும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும்.

சுவிஸுக்கு நான் பயன்படுத்தியது, தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம். ஏராலோ போன்ற செயலிகளில் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால், கியூஆர் குறியீட்டின் வழியாகச் சில நிமிடங்களில் போனில் இறங்கிவிடும். ஒரு ஜிபிக்கான விலையைப் பார்த்தால் கடைச் சிம்மைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் நான்கைந்து நாள் தங்கலுக்குக் குறைந்த அளவு டேட்டா போதும் என்பதால் மொத்தச் செலவு உறுத்தவில்லை. உங்கள் போன் இ-சிம்மை ஏற்குமா என்று தெரிந்துகொள்ள *#06# என்று அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஓர் நீண்ட எண்ணும் வந்தால் ஏற்கும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் பெரும்பாலான ஐபோன்களிலும், 2020இல் வந்த கேலக்ஸி எஸ்20 முதல் சாம்சங்கின் உயர்விலை போன்களிலும் இது உண்டு. பாரிஸுக்கே போகாமல் நேராக சூரிக்கில் இறங்குபவர்கள் இந்தியாவிலேயே இ-சிம்மை ஏற்றிக்கொண்டு புறப்படலாம். ஐரோப்பா முழுமைக்கும் என்று விற்கும் இ-சிம்மை வாங்கினால், நாடுகளின் பட்டியலைத் திறந்து சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இவற்றில் பலவும் டேட்டா மட்டும் தருபவை; பேசுவதற்கான எண் வராது.

பழைய பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2ஜி சேவையை மூடிவிட்டார்கள்; ஜெர்மனியில் 3ஜி 2021இலேயே போய்விட்டது. அம்மாவின் போன் 2ஜியில் மட்டும் இயங்குவதாக இருந்தால் சூரிக்கில் எந்தச் சிம் போட்டாலும் அது பேசாது. கையில் ஒரு சாதாரண 4ஜி ஸ்மார்ட்போனைக் கொடுத்து, வாட்ஸ்அப் அழைப்பை எடுக்க ஊரிலேயே பழக்கிவிடுவது மேல்.

இந்திய நிறுவனங்களின் ரோமிங் பேக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வந்த நண்பருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பணம் முன்பே கட்டியிருந்தும் பாரிஸில் இறங்கியபோது அவருடைய பேக் இயங்கவில்லை. விமான நிலைய வைஃபையில் உட்கார்ந்து வாடிக்கையாளர் சேவையோடு நெடுநேரம் மன்றாடிய பிறகே வந்தது. ஒரு நாள் இடைத்தங்கலுக்கோ அலுவலகம் செலவை ஏற்கும் பயணத்துக்கோ இந்தப் பேக்குகள் சரிதான். சொந்தப் பணத்தில் இரண்டு வாரம் சுற்றும் குடும்பத்துக்கு, ஆளுக்கொரு பேக் என்று கணக்கிட்டால், அந்தத் தொகையில் எல்லோருக்கும் லா சப்பலில் சிம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

அதற்காக இந்தியச் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது வராவிட்டால் வெளிநாட்டில் அட்டையில் ஒரு ரயில் சீட்டுக்கூட எடுக்க முடியாமல் போகலாம். இரண்டு சிம் போடும் போனில் இந்தியச் சிம்மை டேட்டா அணைத்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருவதற்கு ரோமிங் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமோ பேக்கோ தேவையா என்று புறப்படுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் எடுத்தவருக்கே கட்டணம். ஆகவே வாட்ஸ்அப்பில் மட்டும் அழைக்கச் சொல்லி உறவினர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் பழைய இந்திய எண்ணிலேயே தொடரும். புதிய சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இத்தாலியிலிருந்து கிரீஸுக்குக் கப்பலில் போகிறவர்கள் நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும்; கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலுக்கு ஒன்றியத்தின் விலை வரம்பு பொருந்தாது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் இலவசமாக அழைக்கலாம், அது சுவிட்சர்லாந்திலும் இயங்கும்.

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பிரான்ஸ் எண் அதிக நாள் இருக்காது. குறிப்பிட்ட காலத்துக்குள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். விடுதி முன்பதிவு, டாக்ஸி செயலி போன்றவற்றில் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தக் கணக்குகளை இந்திய எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.